‘அருமை’க்கு அப்பால்: கவிதைக்குக் கருத்துச் சொல்வதும் வாங்கிக்கொள்வதும்

இணையத்தில் ஒரு கவிதையைப் போட்டதும் வந்து விழுகிற முதல் பத்து மறுமொழிகளை முன்கூட்டியே சொல்லிவிடலாம். அருமை, சிறப்பு, வாழ்த்துகள் கவிஞரே, நடுவில் நாலைந்து கைதட்டல் பொம்மைகள். இவற்றில் பொய் ஒன்றும் இல்லை. ‘பார்த்தேன், உங்கள் பக்கம் இருக்கிறேன்’ என்று ஒருவர் மற்றவருக்குக் காட்டும் அடையாளம் அது. அந்த அளவில் நல்லதுதான். எழுதியவர் அதைக் கவிதைக்குக் கிடைத்த மதிப்பெண் என்று எடுத்துக்கொள்ளும்போதுதான் சங்கடம். ஐம்பதாவது கவிதையிலும் முதல் கவிதையின் அதே தேய்ந்த நிலா, அதே கண்ணீர்த் துளி. எதிர்முனையிலிருந்து ‘மடக்கி மடக்கி எழுதினால் கவிதை ஆகிவிடுமா’ என்று ஒருவர் வருவார். அதிலும் எந்த வரி, ஏன் என்ற தகவல் இருக்காது. ஒரு கருத்து உருப்படியானதா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. அதை வெட்டி வேறொரு கவிதையின் கீழ் ஒட்டிப் பாருங்கள். அங்கேயும் பொருந்தினால் அது இந்தக் கவிதையைப் பற்றியது அல்ல.

பலர் முன்னிலையில் குற்றம் சொல்வது நமக்குப் புதிதல்ல. தொல்காப்பியம் நிலந்தரு திருவிற் பாண்டியனின் அவையில், அதங்கோட்டாசான் கேட்க, குற்றம் நீங்க ஆராய்ந்து அரங்கேறியதாக அதன் பாயிரமே சொல்கிறது. ஆனால் அந்த அவையில் கேட்டவரும் சொன்னவரும் நேருக்கு நேர் இருந்தார்கள். திரையில் முகமும் இல்லை, குரலும் இல்லை. சாதாரணமாகச் சொன்ன சொல்கூட அங்கே கடுமையாகத்தான் ஒலிக்கும். எடுத்த எடுப்பில் நெற்றிக்கண் வசனத்தை எடுத்துவிடுபவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொண்டால் நல்லது.

கருத்துச் சொல்லும் முன் கவிதையை மூன்று முறை படிக்க வேண்டும், மூன்றும் மூன்று விதமாக. முதல் முறை எதையும் ஆராயாமல், சும்மா ஒரு வாசகராக. எங்கே மனம் நின்றது, எங்கே கண் வரியைத் தாண்டி ஓடியது என்பதை மட்டும் கவனித்துக்கொள்ளுங்கள். அந்த முதல் வாசிப்பு ஒருமுறைதான் கிடைக்கும். எழுதியவருக்கு அது கிடைக்கவே கிடைக்காது, ஆகையால் நீங்கள் தரக்கூடியதில் விலை மதிப்புள்ளது அதுதான். இரண்டாவது முறை வாய்விட்டு. நாக்கு இடறுகிற இடத்தில் பெரும்பாலும் ஓசைக் கோளாறோ, தேவையற்ற சொல்லோ இருக்கும். மூன்றாவது முறை வரிகளுக்கு எண் போட்டுக்கொண்டு, ஏன் நின்றது, ஏன் இடறியது என்று காரணம் தேடி. மூன்றாவதை மட்டும் செய்பவர்கள் நிறைய. அவர்கள் கருத்தில் ஒற்றுப்பிழைகள் எல்லாம் சரியாகப் பட்டியலிடப்பட்டிருக்கும். கவிதை பிடித்ததா என்பது மட்டும் கடைசி வரை தெரியாது.

கவிதை எந்த வகை என்பதையும் முதலிலேயே தீர்மானித்துக்கொள்ள வேண்டும். மரபா, புதுக்கவிதையா, துளிப்பாவா (ஹைக்கூ), மெட்டுக்கு எழுதிய பாடல் வரியா? புதுக்கவிதை எழுதியவரிடம் எதுகை எங்கே என்று கேட்பதும், வெண்பா எழுதியவரிடம் ‘இன்னும் சுதந்திரமாக எழுதலாமே’ என்பதும் ஒரே மாதிரி வீண்பேச்சு. தெரியாவிட்டால் கேட்டுவிடலாம். மெட்டுக்கு எழுதியதென்றால் மெட்டைக் கேட்காமல் வாயைத் திறக்காமல் இருப்பது உத்தமம்.

இனி ஒரு மாதிரி. இந்தக் கட்டுரைக்காகவே எழுதியது. புதிதாக எழுதுகிறவர்களிடம் அடிக்கடி பார்க்கிற நல்லதும் கெட்டதும் இதில் சேர்ந்தே இருக்கின்றன.

1 மேசைமேல் இருக்கிறது
2 அப்பாவின் மூக்குக் கண்ணாடி
3 ஒரு பக்கம் உடைந்ததை
4 நூலால் கட்டியிருக்கிறார்
5 எடுத்து மாட்டிக்கொண்டேன்
6 எல்லாம் மங்கல்
7 அவருக்கோ
8 இதுதான் உலகம்
9 தியாகத்தின் திருவுருவே
10 உன்னை மறக்க முடியுமா
11 என் கண்ணீர்த் துளிகள்
12 உன் பாதங்களில்

இதற்கு வழக்கமாக வரும் கருத்துகள்: ‘நெகிழ வைத்துவிட்டீர்கள்.’ ‘அப்பாக்கள் என்றுமே தெய்வங்கள்.’ ‘முடிவு கொஞ்சம் வழக்கமானது.’ மூன்றாவது மட்டும் ஏதோ சொல்ல வருகிறது, ஆனால் எங்கிருந்து வழக்கமாகிறது என்று சொல்லாமல் விட்டுவிட்டது. எழுதியவர் 12ஆம் வரியை மட்டும் மாற்றிவிட்டுச் சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்வார்.

பயன்படுகிற கருத்து ஏறக்குறைய இப்படி இருக்கும்: ‘உடைந்த கண்ணாடியை நூல் கட்டிப் போட்டுக்கொண்ட அப்பா, அதை எடுத்து மாட்டிப் பார்க்கும் பிள்ளை என்று புரிந்துகொண்டேன். 3, 4ஆம் வரிகளில் நின்றுவிட்டேன். வறுமை என்றோ சிக்கனம் என்றோ ஒரு சொல்கூட இல்லாமல், நூல் ஒன்றே அதைச் சொல்லிவிடுகிறது. 6ஆம் வரியில் கவிதை முடிந்துவிட்டது போல இருந்தது. 7, 8 எனக்கு ஏற்கெனவே புரிந்ததை விளக்குகின்றன. 9ஆம் வரிக்குமேல் அந்தக் கண்ணாடி காணாமல் போய்விட்டது. அங்கே இருக்கும் அப்பா யாருடைய அப்பாவாகவும் இருக்கலாம். இன்னொன்று, 4இல் “கட்டியிருக்கிறார்” என்றதால் அப்பா உயிரோடு இருக்கிறார் என்று நினைத்தேன், 10இல் “மறக்க முடியுமா” என்றதும் குழம்பிவிட்டேன். அதுவரை “அவர்”, அதன்பின் “உன்னை”. வேண்டுமென்றே மாற்றினீர்களா?’

இதில் நடந்ததைக் கவனியுங்கள். முதலில், புரிந்துகொண்டது என்ன என்று சொல்லியாகிவிட்டது. எழுதியவர் நினைத்ததும் வாசகர் படித்ததும் ஒன்றா என்று இந்த ஒரு வாக்கியத்திலேயே தெரிந்துவிடும். ஒன்றாக இல்லையென்றால் பிறகு சொல்வதெல்லாம் வேறு ஒரு கவிதையைப் பற்றியதாகிவிடும். அதனால் இதைத் தாண்டிக் குதிக்கக் கூடாது. அடுத்து, பிடித்த இடமும் காரணமும், வரி எண்ணோடு. இது ஆறுதலுக்காகச் சொல்வதல்ல. எது வேலை செய்கிறது என்று தெரியாதவர் திருத்தும்போது முதலில் வெட்டுவது அதையேதான். பிறகு பெரிய குறை ஒன்று. அதன்பின் சிறியது ஒன்று, அதுவும் கேள்வியாக. மொத்தம் பத்து வாக்கியங்கள். இதற்கு மேல் போனால் எழுதியவர் எதையும் எடுத்துக்கொள்ள மாட்டார். ஒரே நேரத்தில் பதினைந்து குறை சொன்னால் கேட்பவர் காதில் விழுவது ‘எழுதாதே’ என்ற ஒன்றுதான்.

வரியைத் திருத்தி எழுதிக் கொடுக்கவும் இல்லை. கவிதை எழுதுகிறவர்களே கருத்துச் சொல்லும்போது இந்தக் கை அரிப்பை அடக்குவது கடினம். ‘இப்படி இருந்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும்’ என்று முழுக் கவிதையையும் மாற்றி எழுதிப் போட்டுவிடுவார்கள். அது அவர்களுடைய கவிதை. வலிக்கிற இடத்தை நோயாளி சொல்லலாம், மருந்துச் சீட்டை அவரே எழுதிக் கொடுக்கக் கூடாது. உதாரணம் காட்டியே ஆக வேண்டுமென்றால் ஒரு வரி, ‘உதாரணத்துக்கு மட்டும்’ என்ற குறிப்போடு. அதைவிட நல்லது, வரியைத் தராமல் செயலைச் சொல்வது: ‘7இலிருந்து கடைசி வரை மறைத்துவிட்டு ஒருமுறை படித்துப் பாருங்கள்.’

அப்படி மறைத்துப் பார்த்த ஒருவர் திருத்தினால் கவிதை இப்படி ஆகக்கூடும்:

மேசைமேல் இருக்கிறது
அப்பாவின் மூக்குக் கண்ணாடி
ஒரு பக்கம் உடைந்ததை
நூலால் கட்டியிருந்தார்
எடுத்து மாட்டிக்கொண்டேன்
எல்லாம் மங்கல்

12 வரி 6 ஆயிற்று. ‘கட்டியிருக்கிறார்’ என்பது ‘கட்டியிருந்தார்’ ஆனதும் அப்பா இல்லை என்ற செய்தி தானாக வந்துவிட்டது. ‘மறக்க முடியுமா’வுக்கு அங்கே வேலையே இல்லை. கடைசி வரியில் மங்கலுக்குக் காரணம் கண்ணாடியின் பவரா, கண்ணில் நீரா என்பது வாசகர் பாடு. முதல் வடிவத்தின் நாலு வரிக் கண்ணீர் இந்த ஒரு சொல்லுக்குள் வந்துவிட்டது. குறை சொன்னவர் இந்தத் திருத்தத்தைச் சொல்லவில்லை என்பதுதான் முக்கியம். குழம்பிய இடத்தைச் சொன்னார், அவ்வளவுதான்.

குறையைச் சொல்லச் சொல் கிடைக்காமல்தான் பலரும் ‘ஏதோ ஒன்று குறைகிறது’ என்று நிறுத்திவிடுகிறார்கள். சொல் நம்மிடம் இருக்கிறது. பவணந்தியாரின் நன்னூல் என்ற இலக்கண நூல் ஒரு நூலுக்கு வரக்கூடாத குற்றங்கள் என்று பத்தைச் சொல்கிறது. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், வழூஉச்சொற் புணர்த்தல், மயங்க வைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயனின்மை. பள்ளியில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்து மறந்த பட்டியல். அது கவிதைக்கென்று சொன்னது அல்ல, ஆனால் புதுக்கவிதைக்குக்கூட அப்படியே கைகொடுக்கும். மேலே உள்ள மாதிரியில் 7, 8 மிகைபடக் கூறல். 4க்கும் 10க்கும் இடையில் மயங்க வைத்தல். 9 முதல் வெற்றெனத் தொடுத்தல், அதாவது பொருளற்ற சொற்களை அடுக்குவது. ஒட்டுமொத்தமாகப் பார்த்தால் சென்று தேய்ந்து இறுதல், அதாவது போகப்போக நலிந்து முடிவது.

இந்தப் பத்தில் இணையக் கவிதைகளில் அதிகம் காணக்கூடியது இந்தச் சென்று தேய்ந்து இறுதல்தான். காரணமும் உண்டு. முதல் நாலு வரி உண்மையில் கண்ட ஒன்றிலிருந்து வருகிறது. பிறகு ‘இதை எப்படி முடிப்பது’ என்ற பதற்றம். உடனே கையில் கிடைக்கும் ஆயத்தச் சொற்கள் வந்து நிரப்பிவிடுகின்றன. தேவதை, வலி, மௌனம், யுகம், சிறகு. ஒரு சொல் ஆயத்தச் சொல்லா என்று பார்க்க, அதை எடுத்துவிட்டு அதே வகையைச் சேர்ந்த வேறொன்றை வையுங்கள். ‘வலி’யின் இடத்தில் ‘ரணம்’, ‘யுகங்க’ளின் இடத்தில் ‘ஜென்மங்கள்’. கவிதைக்கு ஒன்றும் ஆகவில்லையென்றால் அந்த இடத்தில் முதலிலிருந்தே எதுவும் இல்லை. ‘நூல்’ இருக்கும் இடத்தில் ‘கம்பி’ வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். வீட்டிலேயே கையில் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றிய அந்த அப்பா வேறு ஆளாகிவிடுவார்.

நன்னூல் பத்து அழகுகளையும் சொல்கிறது. பாராட்டும்போது அவற்றைக் கையாளலாம். ‘அருமை’ என்பதைவிடச் ‘சுருங்கச் சொல்லியிருக்கிறீர்கள், 3ஆம் வரி’ என்பதில் எழுதியவருக்கு எடுத்துக்கொள்ள ஒன்று இருக்கிறது. முறையின் வைப்பு என்பதும் அங்கே ஓர் அழகு. எந்தச் செய்தி முன்னால், எது பின்னால் என்ற வரிசை. புதுக்கவிதையில் பாதி வெற்றி அந்த வரிசையில்தான் இருக்கிறது.

மரபுக் கவிதைக்கு வந்தால் வேலை ஒருவகையில் சுலபம், ஏனென்றால் விதி இருக்கிறது. ஆனால் விதியைச் சுட்டும்போது முழுமையாகச் சுட்ட வேண்டும். ‘தளை தட்டுகிறது’ (அடுத்தடுத்த சீர்கள் இணையும் விதி கெடுகிறது) என்று மட்டும் எழுதிவிட்டுப் போவது புதிதாக யாப்புப் பழகுகிறவரை இருட்டில் விடுவதாகும். எடுத்துக்காட்டாக இந்தக் குறள் வெண்பா:

பாராட்டு மட்டுமே படித்திருந்தால் பாட்டெழுதல்
சீராகும் நாள்தான் எது

எதுகை பாரா, சீரா என்று நிற்கிறது. ஈற்றுச் சீர் ‘எது’, வெண்பா முடிய வேண்டிய வாய்பாடுகளில் ஒன்றான மலரில் முடிகிறது. ஆனால் முதல் அடியின் இரண்டாம் சீரில் இடறுகிறது. அசைகளில் நேர் என்பது தனிக் குறிலோ நெடிலோ, நிரை என்பது குறிலை அடுத்து இன்னொரு குறிலோ நெடிலோ சேர்ந்தது; ஒற்றுக்குக் கணக்கில்லை. மட்/டுமே என்பது நேர் நிரை, அதன் பெயர் கூவிளம். விளத்துக்குப் பின் நேர் வர வேண்டும். ‘படித்’ நிரை. ஆகவே வெண்பாவுக்குரிய தளையான வெண்டளை அங்கே கெடுகிறது. இந்தப் பிழை ஏன் இவ்வளவு சகஜம் என்றால், அழுத்தத்துக்காக ஏகாரம் சேர்க்கும்போது கடைசி அசை நேரிலிருந்து நிரையாக மாறுவதைப் பலரும் கவனிப்பதில்லை. இரண்டு வழி இருக்கிறது. ஏகாரத்தை விட்டு ‘மட்டும்’ என்றால் அது நேர் நேர், தேமா. மாவுக்குப் பின் நிரை, ‘படித்திருந்தால்’ பொருந்திவிடும். இல்லை, ஏகாரம் வேண்டுமென்றால் அடுத்த சீரை நேரில் தொடங்க வேண்டும். ‘மட்டுமே கேட்டிருந்தால்’ எனலாம். அப்போது தளை சரி, ஆனால் 1, 3, 4ஆம் சீர்களில் பா, ப, பா என்று விழுந்த மோனை போய் 1, 4இல் மட்டும் நிற்கும். அழுத்தமா மோனையா என்பதை எழுதியவர் முடிவு செய்யட்டும். எங்கே, எந்த விதி, என்னென்ன வழி, ஒவ்வொன்றிலும் எதை இழக்க நேரும். மரபுக்குக் கருத்து என்றால் இந்த நாலும் வேண்டும்.

சுட்டும் முன் இரண்டு இடங்களில் நின்று யோசிக்க வேண்டும். ஒன்று, ஐகாரம். சொல்லின் நடுவிலும் கடையிலும் வரும் ஐகாரம் குறுகிக் குறிலாக அலகு பெறும், அதாவது அசை பிரிக்கும்போது குறிலாகக் கணக்காகும். ‘வாழையடி’ என்பதை வா/ழை/யடி என்று பிரித்துக் கனிச்சீர் (நிரையில் முடியும் மூவசைச் சீர்) வந்துவிட்டது, வெண்பாவில் ஆகாது என்று ஒருவர் சண்டைக்கு வருவார். ஐகாரத்தைக் குறுக்கினால் வா/ழைய/டி, கூவிளங்காய். குற்றமே இல்லை. இன்னொன்று, சந்தி பிரித்து எழுதுவது. படிக்க எளிதாக இருக்கட்டும் என்று ‘பாட்டெழுதல்’ என்பதைப் ‘பாட்டு எழுதல்’ என்று பிரித்துப் போட்டிருப்பார்கள். அலகிடும்போது சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அவலோகிதம் போன்ற யாப்பு மென்பொருளில் இட்டுப் பார்ப்பவர்களுக்கும் இதுவே எச்சரிக்கை. நீங்கள் இடைவெளி விட்ட இடம்தான் அதற்குச் சீரின் எல்லை. தவறாகப் பிரித்துக் கொடுத்துவிட்டு, மென்பொருளே சொல்லிவிட்டது என்று வாதாடுவதில் அர்த்தமில்லை. தளை சரி என்று அது சொல்வதால் கவிதை நன்றாக இருக்கிறது என்றும் ஆகிவிடாது. இலக்கணம் சுத்தமாக, உயிரில்லாமல் கிடக்கும் வெண்பாக்கள் இணையத்தில் ஏராளம்.

துளிப்பாவில் மூன்று வரிக்கு 5-7-5 என்ற ஒலிக் கணக்கைப் பிடித்துக்கொண்டு தொங்க வேண்டாம். ஜப்பானிய ஒலியலகும் தமிழ் எழுத்தும் ஒன்றல்ல. தமிழில் பெரும்பாலோர் மூன்று வரி என்பதோடு நிறுத்திக்கொள்கிறார்கள். பார்க்க வேண்டியது மூன்றாம் வரியை. அது முதல் இரண்டு வரிகளுக்கு உரை சொல்கிறதா, புதிதாக ஒன்றை எதிரில் வைக்கிறதா? உரை சொன்னால், அதைச் சொல்லிவிடுங்கள்.

எழுத்துப் பிழைகளைக் கடைசியில், தனியாக. ந, ன, ண குழப்பம், ர, ற குழப்பம், வல்லினம் மிக வேண்டிய இடத்தில் மிகாதது. இவற்றைச் சொல்லத்தான் வேண்டும், சொல்லாமல் விடுவது மரியாதை ஆகாது. ஆனால் கருத்தைத் தொடங்குவதே பிழைப் பட்டியலோடு என்றால், கவிதையைப் படிக்கவில்லை, திருத்தினார் என்றுதான் தோன்றும். தனிச்செய்தியில் அனுப்பினால் சங்கடம் இல்லை, அடுத்த நிமிடமே திருத்தியும் விடுவார்கள்.

மரியாதை என்றதும் வயது வந்துவிடுகிறது. எதிரில் இருப்பவர் ஓய்வுபெற்ற ஆசிரியராக இருக்கலாம், சொல்ல வருபவர் கல்லூரி மாணவியாக இருக்கலாம். ‘ஐயா, இரண்டாம் சீரில் வெண்டளை வரவில்லையோ என்று ஓர் ஐயம். ஒருமுறை பார்த்துச் சொல்வீர்களா?’ என்று கேட்பதில் நேர்மை எதுவும் குறைந்துவிடாது. குறை அப்படியே இருக்கிறது, சொல்லும் வாசல்தான் வேறு. இதற்கு நேர்மாறாக, சின்னவர்கள் என்பதற்காக ‘தம்பி, நிறையப் படிங்க’ என்று ஒற்றை வரியில் அனுப்பி வைப்பதும் நடக்கிறது. எதைப் படிக்க வேண்டும், இந்தக் கவிதையின் எந்த இடத்துக்கு அது உதவும் என்று சொல்லாத அந்த அறிவுரை வெறும் தட்டிக்கழிப்பு.

கவிதையில் வரும் ‘நான்’ எழுதியவரே என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பிரிவைப் பற்றி எழுதியவரிடம் ‘வீட்டில் ஏதும் பிரச்சினையா’ என்று பொதுவில் கேட்பது அநாகரிகம். கருத்தில் ‘நீங்கள் அழுவது’ என்பதைவிடக் ‘கவிதையில் பேசுபவர் அழுவது’ என்று எழுதினால் எழுதியவருக்கும் மூச்சுவிட இடம் கிடைக்கும். இதற்கு விதிவிலக்கும் உண்டு. அண்மையில் நிகழ்ந்த மரணத்துக்கு எழுதிய இரங்கற்பாவில் உவமையை ஆராயாதீர்கள், அது கருத்துக் கேட்டு வந்தது அல்ல. உயிரை விட்டுவிடும் எண்ணம் வெளிப்படையாகத் தெரியும் வரிகள் என்றால் கவிதையை ஒதுக்கி வைத்துவிட்டு, அந்த மனிதரைத் தனியாக உடனே தொடர்புகொண்டு நேரடியாகக் கேளுங்கள், அருகில் இருப்பவர்களுக்கும் தெரிவியுங்கள். கற்பனைதான் என்று பதில் வந்தால் நிம்மதி. கேட்டதால் ஒன்றும் கெட்டுவிடாது. வேறொருவர் வரிகளை எடுத்தாண்டது போலத் தோன்றினாலும் முதல் கேள்வி தனிச்செய்தியில்தான். ஒரே பழமொழியிலிருந்து இருவரும் எடுத்திருக்கலாம்.

இனி வாங்கிக்கொள்ளும் பக்கம். நல்ல கருத்து வரவில்லை என்று வருந்துபவர்கள் தாங்கள் கேட்ட விதத்தை முதலில் பார்க்க வேண்டும். பூ, அருவி, அந்திவானம் பின்னணியில் சாய்வெழுத்தில் கவிதையைப் படமாக்கிப் போட்டால் அருமை மட்டுமே வரும். வரியை எடுத்துக்காட்டிப் பேசவே முடியாது. எழுத்தாகப் போடுங்கள், முடிந்தால் வரி எண்ணோடு. நீளமான வரிகள் கைபேசித் திரையில் தானாக மடங்கும், வாசகர் அதை நீங்கள் முறித்த வரி என்று எண்ணிக்கொள்வார். அதனால் கைபேசியில் ஒருமுறை திறந்து பார்த்துவிட்டுப் போடுங்கள். முதல் வரைவா, பலமுறை திருத்தியதா என்பதைச் சொல்லுங்கள். ‘கருத்துச் சொல்லுங்கள்’ என்று பொதுவாகக் கேட்காமல் இரண்டு கேள்வி வையுங்கள். ‘யார் பேசுவது என்று எந்த வரியில் தெரிந்தது?’ ‘எந்த வரியை எடுத்துவிட்டால் இழப்பில்லை?’ இரண்டாவது கேள்வி தயக்கக்காரர்களையும் பேச வைக்கும், ஏனென்றால் குறை சொல்ல நீங்களே அனுமதி தந்துவிட்டீர்கள்.

கவிதையின் தலையில் முன்னுரை எழுதாதீர்கள். ‘இது என் பாட்டியின் நினைவாக, அவர் இறந்த அன்று…’ என்று தொடங்கிவிட்டால் வாசகர் படிப்பது அந்த முன்னுரையைத்தான். கவிதையில் பாட்டி வந்தாரா இல்லையா என்று யாருக்கும் தெரியாமல் போய்விடும். இதழுக்கு அனுப்ப நினைத்திருக்கும் கவிதையைப் பொதுவெளியில் போடவும் வேண்டாம். சமூக ஊடகத்தில் வந்ததை ஏற்கெனவே வெளியானதாகக் கருதும் இதழ்கள் பல. நாலைந்து பேருக்குத் தனியே அனுப்பிக் கேட்டாலே போதும், அதில் ஒருவராவது கவிதை எழுதாதவராக இருக்கட்டும். எழுதுகிறவர்கள் எழுதும் முறையைப் பார்ப்பார்கள். எழுதாதவர் புரிந்ததா இல்லையா என்று மட்டும் சொல்வார், அந்தப் பதிலுக்கு மாற்று இல்லை.

கருத்து வந்ததும் கை துடிக்கும். ‘நான் சொல்ல வந்தது அதுவல்ல’ என்ற வாக்கியத்தை மட்டும் எழுதிவிடாதீர்கள். அதை எழுதிய மறுகணம் அவர் ‘ஓ, அப்படியா, இப்போது புரிகிறது’ என்று பின்வாங்கிவிடுவார், அடுத்த முறை வாயே திறக்க மாட்டார். சொல்ல வந்தது எதுவாயினும் வரியில் இல்லையென்றால் இல்லைதான். நன்றி சொல்லி, புரியாதது இருந்தால் ஒரே ஒரு கேள்வி: ‘எந்தச் சொல்லில் அப்படித் தோன்றியது?’ மற்றதை 24 மணி நேரம் கழித்துப் பார்க்கலாம். எரிச்சல் அடங்கியபின் படிக்கும்போது அதே கருத்து வேறு மாதிரி இருக்கும். சில சமயம் அப்போதும் அபத்தமாகவே இருக்கும். அதுவும் தெரிந்துகொள்ள வேண்டியதுதான்.

எல்லாக் கருத்துகளையும் ஒரே தாளில் வரி எண் வாரியாக எழுதிக்கொள்ளுங்கள். ஒருவர் 5ஆம் வரி நீளம் என்கிறார், இன்னொருவர் அங்கே இன்னும் விரித்திருக்கலாம் என்கிறார், மூன்றாமவர் அந்த வரியில் ஒரு சொல்லை மாற்றச் சொல்கிறார். ஒன்றுக்கொன்று முரண் என்று தூக்கிப் போட்டுவிடத் தோன்றும். அப்படி அல்ல. மூன்று பேரும் ஒரே இடத்தில் இடறியிருக்கிறார்கள். சிகிச்சைதான் ஆளுக்கு ஒன்று. இடத்தை நம்புங்கள், சிகிச்சையைத் தள்ளிவிடுங்கள். ஒருவர் மட்டுமே சொன்ன குறையை, அவர் யார் என்று பார்த்து எடைபோடலாம். அவர் சொன்னதும் ‘ஆமாம், எழுதும்போதே அங்கே எனக்கு உறுத்தியது’ என்று பட்டால் வேறு சாட்சி வேண்டாம். எல்லோருக்கும் பிடித்த வரியை மட்டும் விட்டுவைத்து, யாரோ ஒருவருக்குப் பிடிக்காத ஒவ்வொன்றையும் நீக்கிக்கொண்டே போனால் கடைசியில் மிஞ்சுவது யாரையும் சீண்டாத, யாருக்கும் நினைவில் நிற்காத நாலு வரி. அதனால் பழைய வடிவத்தை அழிக்காமல், தேதி போட்டுத் தனியே வைத்திருங்கள். மூன்றாவது திருத்தத்துக்குப் பிறகு முதல் வடிவமே மேல் என்று தோன்றுவது அபூர்வமில்லை.

திருத்திய கவிதையை மறுபடி காட்டும்போது பழையதையும் கீழே வைத்து, எதை ஏன் மாற்றினீர்கள் என்று இரண்டு வரி எழுதுங்கள். யாருடைய கருத்து எந்த வரிக்கு உதவியது என்று குறிப்பிட்டால், அவர் அடுத்த முறையும் நேரம் ஒதுக்குவார். ஏற்காத கருத்துக்கு விளக்கம் தேவையில்லை, அந்த வரி மாறாமல் நிற்பதே பதில். ஒரே கவிதையை அதே ஆட்களிடம் மூன்றாவது தடவை கொண்டுபோகாதீர்கள். அதற்குள் அவர்களுக்குக் கவிதை மனப்பாடம் ஆகியிருக்கும், இல்லாததையும் சேர்த்தே படிப்பார்கள். இதுவரை அதைப் பார்க்காத ஒருவரிடம் கொடுங்கள், முன்னுரை இல்லாமல்.